சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்

பெங்களூரின் வடக்கு விளிம்பில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். பக்கத்து மனையில் தமக்கென ஒரு வீட்டை அண்மையில் கட்டி முடித்தார். நாற்பதுக்கு அறுபது அடி மனை. 2400 சதுர அடி. வீடு 1400 சதுர அடியில் நிற்கிறது. முன்புறமும் பக்கவாட்டிலுமாக எஞ்சியது 1000 சதுர அடி. அங்கே தோட்டம் அமைப்பதற்காக மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் மதிப்பீடு வாங்கியிருந்தவர், அந்த மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை என் அறைக்கு வந்தார். நகர்ப்புறச் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. கன்னடத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இவற்றில் எது நியாயமான விலை?

முதல் தாளில் 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். இரண்டாவதில் 2 லட்சத்து 60 ஆயிரம். மூன்றாவதில் 6 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரே நிலத்துக்குச் சதுர அடி 110 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை விலை சொல்லப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று அவர் ஐயப்பட்டது இயல்பே. தாள்களை வரிவரியாகப் படித்தபோது, எவரும் ஏமாற்றவில்லை என்றே எனக்குத் தோன்றியது. ஆயினும் மூன்று தாள்களுமே உண்மையான விலையைச் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வேறுபாட்டின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம். இத்தொழிலில் இருப்பவர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மண், எரு, புல், செடி, மரம் ஆகியவை 'சாஃப்ட்ஸ்கேப்'. நடைபாதை, கல்தளம், அமரும் திண்ணை, தடுப்புச் சுவர், விளக்கு, நீரூற்று ஆகியவை 'ஹார்ட்ஸ்கேப்'. விலையை ஏற்றுவது பெரும்பாலும் இரண்டாவது. முதல் தாளில் நிலத்தைச் சீர்செய்தல், செம்மண், எரு, 800 சதுர அடிப் புல்தரை, ஓரத்தில் சில செடிகள் ஆகியவை மட்டுமே இருந்தன. இரண்டாவதில் சாதரஹள்ளிக் கல் பாவிய நடைபாதையும், சொட்டுநீர்க் குழாய்களும், பத்து விளக்குகளும் சேர்ந்துகொண்டன. மூன்றாவதில் வடிவமைப்பாளரின் கட்டணம், ஒரு சிறு குளம், ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அடி வளர்ந்துவிட்ட மரங்கள். வளர்ந்த மரத்துக்குக் கொடுக்கும் பணம், காத்திருக்க மறுப்பதற்கான கட்டணம். அரசு நாற்றங்காலில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அதே இனக் கன்று, ஐந்தாறு மழைக்காலங்களில் அந்த உயரத்தைத் தானே எட்டிவிடும்.

ஆக, மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்களின் விலைகள். அவற்றை ஒப்பிட்டு 'எது நியாயம்' என்று கேட்பதில் பொருளில்லை. சொட்டுநீர் தவிர்த்துப் பார்த்தால், மூன்று தாள்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: மூன்றும் தோட்டத்தை ஒப்படைக்கும் நாளோடு முடிந்துவிட்டன. மறுநாள் காலையிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு யார், எதை, எவ்வளவு கொடுக்கப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. குழந்தை பெற்றுக்கொள்ள ஆகும் செலவு என்று மகப்பேற்று மருத்துவமனையின் ரசீதை மட்டும் காட்டினால் எப்படியோ, அப்படி.

எனவே அவரோடு உட்கார்ந்து, மிக மலிவான முதல் தாளை எடுத்துக்கொண்டு ஐந்தாண்டுக் கணக்கு ஒன்றைப் போட்டேன்.

எங்கள் தெருவில் வாரம் இருமுறை வந்துபோகும் தோட்டக்காரருக்கு ஒரு வீட்டில் கொடுப்பது மாதம் 3000 ரூபாய். ஐந்தாண்டுகளில் 1 லட்சத்து 80 ஆயிரம். புல்தரைக்கு ஆண்டுதோறும் மேல்மண் தூவ வேண்டும். எரு இட வேண்டும். காய்ந்த திட்டுகளில் புதுப்புல் பதிக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் என்று குறைத்தே வைத்தாலும் ஐந்தாண்டுகளில் 50 ஆயிரம். கோடைக்கால நீருக்கு, கீழே சொல்லப்போகும் கணக்கின்படி, ஏறத்தாழ 25 ஆயிரம். தாளில் இருந்த 1 லட்சத்து 10 ஆயிரத்தோடு சேர்த்தால் 3 லட்சத்து 65 ஆயிரம். சதுர அடிக்கு 110 ரூபாய் என்று எழுதப்பட்ட தோட்டம், ஐந்தாண்டு முடிவில் 365 ரூபாயாகிவிடுகிறது. வாங்கும் விலையைவிட வைத்துக்கொள்ளும் விலை இரண்டு மடங்குக்கும் மேல். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதுவரை சொன்னது வீட்டுக்காரரின் பணப்பையைப் பற்றியது. இனிச் சொல்வது அவருடைய பணப்பைக்குள் வராத செலவுகளைப் பற்றியது. என் கவலை முதன்மையாக இங்கேதான்.

நீரைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீரின் அளவு ஒரு லிட்டர். பெங்களூரின் கோடையில் மண்ணிலிருந்து ஆவியாவதும் புல் வெளிவிடுவதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் போகிறது என்று கொள்ளலாம். 800 சதுர அடி என்பது 74 சதுர மீட்டர். புல் பச்சையாகவே இருக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 370 லிட்டர் ஊற்ற வேண்டும். இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கென வகுக்கப்பட்ட அளவு 135 லிட்டர். அதாவது குளிக்காத, சமைக்காத, துவைக்காத மூன்று பேர் அந்த வீட்டில் கூடுதலாகக் குடியேறியிருக்கிறார்கள். மாதக் கணக்கில் ஏறத்தாழ 11 ஆயிரம் லிட்டர். பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதத்துக்கு 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் நான்கு.

2024 மார்ச்சில் இந்நகரம் வறண்டபோது, மாவட்ட நிர்வாகம் டேங்கர் நீருக்கு உச்சவிலை அறிவித்தது. 12 ஆயிரம் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1000 ரூபாய். 10 கிலோமீட்டர் வரை 1200 ரூபாய். அந்த விலையில் நான்கு டேங்கர் என்றால் ஆண்டுக்கு 5 ஆயிரம்கூட இல்லை. லட்சங்களில் பேசப்படும் தோட்டத்தில் இது ஒரு விளக்கின் விலை. இங்கே தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. நீரின் விலை இவ்வளவு குறைவு என்பதால் நீர் மலிவானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விலை குறைவாக இருப்பதன் காரணம், செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பதுதான். டேங்கரில் வரும் நீர் நகர விளிம்பின் சிற்றூர்களில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கே நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது தன் கிணற்றை இன்னும் நூறடி ஆழப்படுத்த வேண்டியிருக்கும் உழவரின் செலவு, எந்த மதிப்பீட்டுத் தாளிலும் ஏறாது.

குழாயில் வருவதோ காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டங்களாக, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றி இந்நகரத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. காவிரி என்ற சொல்லைத் தமிழரும் கன்னடரும் எவ்வளவு சூட்டோடு உச்சரிக்கிறோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நீர் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, யாரும் நடக்காத ஒரு புல்தரை என்பதை இருதரப்பும் பேசுவதில்லை. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5000 ரூபாய் தண்டம் என்று அறிவிக்க நேர்ந்தது. சண்டிகரில் ஆண்டுதோறும் கோடையில் காலை வேளைகளில் புல்தரைக்கு நீர் பாய்ச்சத் தடை உண்டு. ஆகவே இதை ஒரு நகரத்தின் ஒரு பருவத்துச் சிக்கல் என்று ஒதுக்க இயலாது.

அடுத்தது மண். 1000 சதுர அடியில் அரையடி உயரத்துக்குச் செம்மண் நிரப்பினால் 500 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 5 யூனிட். ஏன் மண்ணை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது? அந்த மனையில் மண் இல்லாமலா இருந்தது? கடைக்கால் தோண்டியபோது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து வெளியே அள்ளிப் போகப்பட்டன. செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும் ஓட்டுச் சில்லும் அந்த இடத்தை நிரப்பின. பிறகு, நகருக்கு வெளியே ஒரு வயலின் மேல்தோல் உரிக்கப்பட்டு இங்கே வருகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். கடைக்கால் தோண்டும் முன்பாக மேலடுக்கு மண்ணைத் தனியே வழித்து மனையின் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தால், செலவும் குறைந்திருக்கும். ஒரு வயலும் பிழைத்திருக்கும். கட்டடப் பொறியாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய சொல் இது. தோட்டத்தின் செலவு, தோட்டக்காரர் வருவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடுகிறது.

செடிகளுக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. தென்னிந்திய நகரங்களின் மதிப்பீட்டுத் தாள்களில் இடம்பெறும் அலங்காரச் செடிகளில் கணிசமானவை ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் உள்ள கடியத்தின் நாற்றங்கால்களில் வளர்ந்து லாரியில் வருகின்றன. தென்னைநார்க் கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரலாம். தாளில் 'பெர்முடா' என்று அயல்நாட்டுப் பெயரோடு விலை போடப்பட்டிருக்கும் புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகின் இனம். பெயர் கடல் கடந்து திரும்பி வந்தால் விலை ஏறிவிடுகிறது.

மூன்றாவது, உழைப்பு. எங்கள் தெருவுக்கு வரும் தோட்டக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்; ஐம்பது வயதைக் கடந்தவர். ஒன்பது வீடுகளுக்குப் போகிறார். எந்த வீட்டுக்கும் அவர் ஊழியர் இல்லை. ஆகவே வார விடுப்போ வைப்பு நிதியோ கிடையாது. ஒருநாள் போகாவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும். "புல்லுக்கு லீவு கிடையாது தம்பி, அதனால எனக்கும் கிடையாது" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "புல்லு வெட்டுறதுக்கு யார வேணாலும் புடிச்சிக்கலாம். செடியப் பாத்து வளக்கத் தெரிஞ்ச ஆளுதான் இப்ப கெடைக்கிறதில்ல." இந்த நகரத்துக்கே இது பொருந்தும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலில் தேர்ந்த கைகளால் வளர்ந்தது. தமிழோடு உறவுடைய பேச்சுமொழியைக் கொண்ட திகளர் சமூகத்தின் பெயர் அதில் இன்றும் நினைக்கப்படுகிறது. அத்தகைய அறிவை, வாரம் இருமுறை வந்து புல்வெட்டிப் போகும் ஒரு மணி நேரக் கூலியாக நாம் சுருக்கிவிட்டோம்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். நாற்பதாண்டு உழைத்த ஒருவர் தம் வீட்டு வாசலில் ஒரு பசுந்தரையை விரும்புவதில் என்ன பிழை? எந்தப் பிழையும் இல்லை. தோட்டமே வேண்டாம் என்று சொல்வதும் என் நோக்கமன்று. சொல்லப்போனால், தண்ணீர்ச் செலவுக்கு அஞ்சி மனை முழுவதையும் கல்லாலும் ஓட்டாலும் மூடிவிடுவது இன்னும் பெரிய தீங்கு. 1000 சதுர அடியை மூடிவிட்டால், 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு மாலையில் 4600 லிட்டர் நீர் தெருவுக்குப் போகும். 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் மூழ்கின. அடுத்த ஒன்றரை ஆண்டில் அதே நகரம் டேங்கருக்குக் காத்து நின்றது. மூடிய மனைகளுக்கு இவ்விரண்டிலும் பங்குண்டு. நெகிழிப் புல்லும் தீர்வாகாது. வெயிலில் அது கொதிக்கும். சில ஆண்டுகளில் நைந்து குப்பையாகும். அதன் துகள்களை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க எந்தத் தோட்டக்காரராலும் முடியாது.

புல்தரை குறைந்தால் தோட்டக்காரரின் வருமானமும் குறையாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. குறையும், வீட்டுக்காரர் மிச்சப்படுத்திய நேரத்தைக் கூலியிலும் கழித்தால். கழிக்கக் கூடாது என்பது என் வாதம். கிளை கழிப்பதும், எருக்குழியைப் பேணுவதும், பூச்சி கண்ட இலையை உரிய நாளில் கண்டுபிடிப்பதும் புல்வெட்டுவதைவிடத் தேர்ச்சி வேண்டும் பணிகள். வாரம் ஒருமுறை வந்தாலும் அதே 3000 ரூபாயைக் கொடுக்கலாம். நீரிலும் புல்லிலும் மிஞ்சும் பணம் அதற்குப் போதும்.

அப்படியானால் என்ன தோட்டம்? நான் அவருக்கு வரைந்து காட்டியது எளிமையானது. பேரக்குழந்தை உருண்டு விளையாட 150 சதுர அடிப் புல். தெருவோரம் ஒரு புங்கை. அது தரும் நிழலில் சுவர் குளிரும். பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, நொச்சி, கறிவேப்பிலை. அடுப்படிக் கழிவுநீர் போகும் பக்கத்தில் வாழையும் கல்வாழையும். மண் வெயிலில் காயாதபடி உதிர்ந்த இலைகளாலேயே மூடாக்கு. கூரை 1400 சதுர அடி. இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை. வீணாவது போக ஒரு லட்சம் லிட்டர் அந்தக் கூரையிலிருந்தே கிடைக்கும். 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இந்த அளவு மனைக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அதைச் சான்றிதழுக்காகக் கட்டி மறந்துவிடாமல், தரைத்தொட்டியோடு இணைத்தால் போதும். தொட்டியின் கொள்ளளவே தோட்டத்தின் தாகத்தை முடிவுசெய்யட்டும். தோட்டத்தின் தாகத்துக்காக டேங்கரைத் தேட வேண்டாம்.

இந்தப் பதிவை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆய்வாளர்களும் மாணவர்களும் ஆசிரியர்களுமே. 'எங்களுக்கு ஏது மனை, ஏது தோட்டம்' என்று நீங்கள் புன்னகைக்கலாம். நமக்கும் ஒரு தோட்டம் உண்டு, நம் வளாகம். 2024 கோடையில் எங்கள் விடுதியில் காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் மட்டுமே குழாயில் நீர் வந்தது. நிர்வாகக் கட்டடத்தின் முன்னாலிருந்த புல்தரையோ ஒரு நாளும் பழுப்பேறவில்லை. 'சுத்திகரிக்கப்பட்ட நீர் பயன்படுத்தப்படுகிறது' என்ற பலகை அங்கே நின்றது. ஒரு விடியற்காலையில் டேங்கரின் குழாய் அந்தப் புல்லின்மேல் கிடந்ததைப் பார்த்த நாங்கள் நால்வரும், அன்று பகலில் நீர்ப் பற்றாக்குறை பற்றிய ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தோம். எவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது. வீட்டு உரிமையாளருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய எனக்கு, என் வளாகத்தின் கணக்கைக் கேட்கத் துணிவில்லாமல் போயிற்று.

எனவே இரு தரப்புக்கும் பொதுவாக நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன். வீட்டுத் தோட்டத்துக்கு மதிப்பீடு வாங்குபவரும் கேட்கலாம். வளாகத்தின் அடுத்த 'அழகுபடுத்தும்' ஒப்பந்தத்தின்போது நாமும் கேட்கலாம். ஐந்தாண்டில் இதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வேண்டும், அது எங்கிருந்து வரும்? மண் எந்த நிலத்திலிருந்து எடுக்கப்படுகிறது? இதைப் பராமரிக்கப் போகிறவருக்கு மாதம் எவ்வளவு, விடுப்பு உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் சொல்லும் ஒப்பந்தக்காரர் அதிக விலை கேட்டாலும், அவரே மலிவானவர்.

வீட்டு உரிமையாளர் இன்னும் முடிவெடுக்கவில்லை. 800 சதுர அடிப் புல்லை விட மனம் வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் தந்தையார் கண்டோன்மென்ட் பங்களாக்களில் பார்த்து ஆசைப்பட்ட புல்தரை அது என்று சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆசைக்கு லிட்டர் கணக்குச் சொல்லி வெல்ல முடியாது. ஆனால் போகும்போது மூன்று தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரர் அடுத்து எந்தக் கிழமை வருவார் என்று கேட்டார். விலையை அவரிடமும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டுமாம்.